பணிநிறைவு என்றால் ஓய்வு பெறுவது மட்டும்தானா?

கல்லூரியில் யாராவது ஓய்வு பெற்றால் 'பணிநிறைவுப் பாராட்டு விழா' என்று அழைப்பிதழ் அடிப்போம். ஃபிளெக்ஸ், பொன்னாடை, ரோஜா மாலை, கேசரி, மிக்சர் எல்லாம் உண்டு. ஆய்வேடு எழுதுகிறவர்கள் இதே 'பணிநிறைவு' என்ற சொல்லை வேறொரு பொருளிலும் எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் ஜாப் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் என்பார்களே, அதற்கு. செய்கிற வேலையில் மனம் நிறைவது. "முதல்வர்களுக்கு ரெண்டு பணிநிறைவும் ஒரே நாள்லதான் சார் வருது" என்று எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு ஒரு விழாப் பந்தலில் வைத்துச் சொன்னார். அப்போது சிரித்தேன். அடுத்த வருடமே அந்த நாற்காலியில் நான் உட்கார வேண்டி வந்தது.

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தியவன். முதல்வர் ஓய்வு பெற்று, அடுத்தவர் நியமனம் இழுத்துக்கொண்டே போனதால், பதவி மூப்பில் என்னைப் பிடித்து 'பொறுப்பு முதல்வர்' ஆக்கினார்கள். 14 மாதம். அந்த 14 மாதத்தில்தான், இந்தப் பணித் திருப்தி என்பது என்ன, கல்லூரித் தலைமையில் இருப்பவர்களுக்கு அது ஏன் இப்படிக் கண்ணாமூச்சி ஆடுகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். புதிதாகக் கேள்விப்படுகிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். (பணிநிறைவு என்றால் ஓய்வு என்று குழம்பும் என்பதால், இனிமேல் பணித் திருப்தி என்றே எழுதுகிறேன்.)

முதலில் எது பணித் திருப்தி இல்லை என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் திருப்தி என்றதும் 'போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்று ஆரம்பித்துவிடுவோம். அது ஆளின் சுபாவம். சிலர் எங்கே கொண்டுபோய் உட்காரவைத்தாலும் சிரித்துக்கொண்டு இருப்பார்கள், சிலர் சொர்க்கத்துக்குப் போனாலும் அங்கே மின்விசிறி சத்தம் போடுகிறது என்பார்கள். இந்தச் சுபாவத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. சிறு வயதிலிருந்தே தனித்தனி வீடுகளில் வளர்ந்த 34 ஜோடி ஒற்றைக்கரு இரட்டையர்களை வைத்து 1989-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. ஆளுக்கு ஆள் பணித் திருப்தியில் தெரிகிற வேறுபாட்டில் ஏறத்தாழ 30 சதவீதம் பிறவியிலேயே வருவதாக இருக்கலாம் என்று அதில் கணக்குப் போட்டார்கள். சரி, மீதி 70? அது வேலை, இடம், சுற்றி இருக்கும் ஆட்கள், சந்தர்ப்பம் என்று பலவற்றில் இருக்கிறது. 'அவருக்குப் போதும் என்ற மனசு இல்லை' என்று ஒரு முதல்வரைப் பற்றி நிர்வாகம் சொல்லும்போது, இந்தப் 70-ஐ நைசாக மேசைக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாடப்புத்தகங்களில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் விளக்கம் எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1976-ல் சொன்னது. தன் வேலையைத் தானே எடைபோட்டுப் பார்க்கும்போது மனதில் எழுகிற இதமான உணர்ச்சி, அவ்வளவுதான். இதில் 'எடைபோடுவது' என்பதுதான் முக்கியம். தராசில் ஒரு தட்டில் எனக்கு என்ன வேண்டும், இன்னொரு தட்டில் எனக்கு என்ன கிடைக்கிறது. அதோடு, அந்த 'வேண்டும்' எனக்கு எவ்வளவு முக்கியம் என்பதும் சேரும். முதல்வர் அறைக்கு ஏசி இல்லை என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை, ஏனென்றால் ஆய்வகத்திலேயே 25 வருடம் வியர்த்தவன் நான். எனக்கு முன்பிருந்தவருக்கோ அந்த ஏசி ஒரு கௌரவப் பிரச்சினை, அதற்காக மூன்று கடிதம் எழுதியிருந்தார். அறை ஒன்றுதான், நாற்காலியும் ஒன்றுதான்.

இனி கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம்.

திருப்தி, அதிருப்தி இரண்டையும் ஒரே அளவுகோலின் இரண்டு நுனிகள் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். அதிருப்தி குறையக் குறையத் திருப்தி கூடும், காய்ச்சல் இறங்கினால் உடம்பு தேறுகிற மாதிரி. 1950-களின் கடைசியில் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் உட்காரவைத்துப் பேசினார்கள். உங்கள் வேலை ரொம்பப் பிடித்துப்போன ஒரு சமயத்தைச் சொல்லுங்கள், ரொம்ப வெறுத்துப்போன ஒரு சமயத்தைச் சொல்லுங்கள் என்று கதை கேட்டார்கள். கேட்டதில் ஒரு விசித்திரம் தெரிந்தது. சந்தோஷக் கதைகளில் வந்த காரணங்கள் வேறு, வெறுப்புக் கதைகளில் வந்த காரணங்கள் வேறு. பிடித்துப்போன சமயங்களில் பெரும்பாலும், ஒன்றைச் சாதித்தேன், அங்கீகாரம் கிடைத்தது, வேலையே சுவாரசியமாக இருந்தது, பொறுப்பைக் கொடுத்தார்கள், மேலே வந்தேன் என்ற வகை. வெறுத்துப்போன சமயங்களில் நிர்வாகத்தின் போக்கு, மேலதிகாரி, சம்பளம், சக ஊழியர்களோடு உரசல், வேலை செய்யும் இடத்தின் நிலைமை.

ஆகவே அவர் இரண்டையும் இரண்டு தனித்தனி அளவுகோலாகப் பிரித்தார். முதல் வகையை ஊக்கிகள் என்று சொல்லலாம். இரண்டாவது வகைக்கு அவர் வைத்த பெயர் சுகாதாரக் காரணிகள். பெயர் விநோதமாக இருக்கிறதா? தெருவில் சாக்கடை அடைக்காமல் ஓடினால் யாருக்கும் சந்தோஷம் வந்து துள்ளப்போவதில்லை. அடைத்துக்கொண்டால்தான் ஊரே கூடும். அந்தச் சுகாதாரம்தான் இது.

எங்கள் கல்லூரியின் சம்பள பில் இதற்குக் கச்சிதமான உதாரணம். உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது, ஆனால் பில் நாம்தான் போட வேண்டும். முதல்வர் பார்த்து, செயலர் கையெழுத்துப் போட்டு, இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கருவூலம் வழியாக வங்கிக்கு வரும். மாதக் கடைசியில் எல்லோர் செல்போனிலும் 'கிரெடிட்டட்' என்று குறுஞ்செய்தி அடிக்கும். நான் இருந்த 14 மாதத்தில் 12 மாதம் ஒழுங்காக அடித்தது, ஒருவர்கூட என் அறைக்கு வந்து "சார், சம்பளம் சரியா வந்துடுச்சு, ரொம்ப நன்றி" என்று சொன்னதில்லை. சொல்லவும் வேண்டாம், அது அவர்கள் உரிமை. இரண்டு மாதம் தாமதமானது. ஒருமுறை மருத்துவ விடுப்பில் போனவர் ஒருவரின் விடுப்பு ஆணையை இணைக்காமல் விட்டதால் பில் திரும்பி வந்தது. அன்று காலை ஒன்பதரைக்கே என் அறை வாசலில் பன்னிரண்டு பேர். வீட்டுக் கடன் தவணை, மகளின் ஹாஸ்டல் பீஸ், எல்லாம் நியாயமான கோபம். பில்லைத் திருத்தி, கிளார்க்கைப் பேருந்தில் ஏற்றி அனுப்பி, நானும் பின்னாலேயே டூவீலரில் போய், மாலை நாலரை மணிக்கு அது பாஸானது. வீட்டுக்கு வந்து யோசித்தேன், இன்று நான் என்ன சாதித்தேன் என்று. ஒன்றும் சாதிக்கவில்லை. அடைத்த சாக்கடையைக் குத்திவிட்டேன். ஒரு முதல்வரின் நாளில் பெரும்பகுதி இப்படித்தான் போகிறது, மைனஸிலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவருவதில். பூஜ்யத்துக்கு மேலே ஏறுவதற்கு அதற்குள் மணி ஐந்தாகிவிடும்.

இப்போது யார் முதல்வராகிறார்கள் என்று பாருங்கள். யூஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதிமுறைப்படி முதல்வர் பதவிக்கு பிஎச்.டி. வேண்டும், உயர்கல்வியில் 15 வருட கற்பித்தல் அல்லது ஆராய்ச்சி அனுபவம் வேண்டும், தரமான இதழ்களில் குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், ஆராய்ச்சி மதிப்பெண் 110 வேண்டும். அதாவது வகுப்பிலும் ஆராய்ச்சியிலும் மகிழ்ச்சி கண்ட ஓர் ஆளாகத் தேடிப் பிடிக்கிறோம். பிடித்து வந்து அவருக்குக் கொடுக்கும் வேலையோ கழிப்பறை டெண்டர், பேருந்து பாஸ், நீதிமன்ற வழக்குக்குப் பதில் மனு, கவுன்சிலர் சிபாரிசு, விடுதிச் சாப்பாட்டில் புழு. நன்றாகப் பாடுகிறார் என்று ஒருவரைக் கூப்பிட்டு சபா காரியதரிசி ஆக்கி, டிக்கெட் கிழிக்க உட்காரவைத்த மாதிரி. ஹெர்ஸ்பெர்க்கின் மொழியில், பதவி உயர்வு என்ற பெயரில் அவருடைய ஊக்கிகளைப் பிடுங்கிக்கொண்டு, சுகாதாரத் துறையில் போட்டுவிட்டோம்.

நான் பிடிவாதமாக வாரம் நாலு மணி நேரம் எம்.எஸ்சி. வகுப்பை வைத்துக்கொண்டேன். குவாண்டம் மெக்கானிக்ஸ் நடந்துகொண்டிருக்கும், வாசலில் அட்டெண்டர் வந்து நிற்பார், கையில் துண்டுச் சீட்டு இருக்கும், "ஜேடி ஆபீஸ் போன்" என்று (ஜேடி என்றால் அந்த இணை இயக்குநர்). மூன்றாவது மாதம் அந்த வகுப்பை இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். வேறு வழியில்லை, பிள்ளைகள் பாவம்.

அதே விதிமுறை பதவிக்காலத்தை 5 வருடம் என்கிறது. செயல்பாட்டைக் குழு வைத்து மதிப்பிட்டு இன்னொரு 5 வருடம் நீட்டிக்கலாம், முடிந்ததும் பேராசிரியராகத் தாய்க் கல்லூரிக்குத் திரும்பலாம். காகிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. திரும்பிப் போக வகுப்பறை இருக்கிறது என்று தெரிந்தால் நாற்காலி அவ்வளவாக உறுத்தாது. ஆனால் நம் ஊரில் பலர் இந்தப் பதவிக்கு வருவதே கடைசி காலத்தில். அரசுக் கல்லூரிகளில் மூப்புப் பட்டியல் நகர்ந்து நகர்ந்து, ஒருவர் முதல்வராகும்போது கையில் ஒன்றோ இரண்டோ வருடம் மிச்சம் இருக்கும், அதுவும் குடும்பத்தை மதுரையில் விட்டுவிட்டு இன்னொரு மாவட்டத்தில் தனியாக அறை எடுத்துக்கொண்டு. இரண்டு வருடத்தில் என்ன திட்டம் போட்டு என்ன முடிப்பது? ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நாமே செய்து பார்ப்பது, செய்தது எப்படி வந்தது என்று நமக்கே தெரிவது, இரண்டும் திருப்தியின் ஊற்றுகள் என்று 1970-களில் ஹேக்மேன், ஓல்டாம் என்ற இருவர் எழுதினார்கள். மரம் நட்டவர் ஒருவர், தண்ணீர் ஊற்றியவர் ஒருவர், நிழலில் ஃபோட்டோ எடுத்துக்கொண்டவர் மூன்றாமவர் என்று போனால் யாருக்கு நிறைவு வரும்?

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது தெரிந்த பழமொழிதான், ஆனால் அதற்கு ஒரு கோட்பாடே இருக்கிறது. ராபர்ட் கரசெக் என்பவர் 1979-ல் அமெரிக்க, ஸ்வீடன் ஊழியர்களின் தரவுகளை வைத்து ஒன்று சொன்னார். வேலை அதிகம் என்பது மட்டுமே ஆளை நசுக்குவதில்லை, வேலை அதிகமாகவும் அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும்போதுதான் நசுக்குகிறது. கழுத்து மட்டும் வேலை இருந்தாலும் 'இப்படிச் செய்யலாம்' என்று தீர்மானிக்கும் உரிமை கையில் இருந்தால் ஆள் தாக்குப்பிடிப்பார், சில சமயம் அதில் வளரவும் செய்வார்.

முதல்வர் என்ற பெயரைக் கேட்டால் முதலில் நிற்பவர் என்று தோன்றும். உதவி பெறும் கல்லூரியில் 1976-ஆம் வருடத்துத் தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கல்லூரிக் குழு இருக்கிறது, செயலர் இருக்கிறார், ஆள் எடுப்பது அவர்கள் கையில். அதற்கு அனுமதி அரசின் கையில். பாடத்திட்டம், தேர்வு எல்லாம் பல்கலைக்கழகத்தின் கையில், தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் நம் கையில். எங்கள் துறையில் ஓய்வு பெற்ற மூன்று பேரின் இடம் காலியாகக் கிடந்தது. நிரப்ப எனக்கு அதிகாரம் இல்லை. ஆனால் செமஸ்டர் ரிசல்ட் விழுந்தபோது விளக்கம் கேட்டு வந்த கடிதம் மட்டும் நேராக என் பெயருக்குத்தான் வந்தது. பொறுப்பு முதல்வர் என்ற பட்டத்துக்கு அன்றுதான் அர்த்தம் விளங்கியது. பொறுப்பு மட்டும்தான், மற்றதெல்லாம் வேறு ஆட்களிடம்.

சுயநிதிக் கல்லூரி முதல்வர்களின் கதை வேறு. எனக்கு நெருக்கமான ஒருவர், பொறியியல் கல்லூரி ஒன்றின் முதல்வராக இருந்தவர், சொல்லுவார்: "அண்ணே, உங்களுக்கு நாலு முதலாளி, எனக்கு ஒரே ஒரு தாளாளர். ஆனா அந்த ஒருத்தர் காலைல ஆறு மணிக்கு போன் பண்ணுவார்." மே மாதம் வந்தால் அவர் கல்வியாளர் இல்லை, சீட்டு நிரப்பும் ஏஜென்ட். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று மாணவர்களின் செல் எண் பட்டியலைப் பேராசிரியர்களுக்குப் பிரித்துக்கொடுத்து, ஆளுக்கு இத்தனை அட்மிஷன் என்று கணக்கு எழுதுவது அவர் வேலை. சம்பளம் என்னைவிட அதிகம், கார் கொடுத்திருந்தார்கள், டிரைவரும் உண்டு. சுகாதாரக் காரணிகள் பளபளவென்று இருந்தன. இரண்டாவது வருடமே விட்டுவிட்டு வேறொரு கல்லூரியில் துறைத் தலைவராகப் போய்ச் சேர்ந்தார், சம்பளம் குறைவுதான், ஆனால் இப்போது ஃபோன் செய்தால் சோதனைக்கூடத்தைப் பற்றித்தான் பேசுகிறார்.

துணைவேந்தர் பக்கம் இன்னும் சிக்கல். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் பதவிக்காலம் 3 வருடம். வேந்தர் (பெரும்பாலும் ஆளுநர்) ஒருபுறம், அரசு ஒருபுறம் இழுக்கும்போது நடுவில் நிற்பவர் அவர். சில சமயம் நிற்பதற்கு ஆளே இருக்காது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் காலம் முடிந்தபோது அடுத்தவர் வராமல் ஒரு வருடத்துக்கு மேல் ஒருங்கிணைப்புக் குழுதான் நடத்தியது. அதே பல்கலைக்கழகத்தில்தான் ஏ.லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை, 27 வருடம், துணைவேந்தராக இருந்தார். சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியின் முதல் முதல்வர் எலினர் மெக்டூகல் 1915-லிருந்து 1938 வரை, 23 வருடம். அமெரிக்காவிலும் இந்தக் காலம் சுருங்கிக்கொண்டுதான் வருகிறது. அங்கே கல்லூரி, பல்கலைக்கழகத் தலைவர்களைப் பற்றி அமெரிக்கக் கல்விக் கழகம் சில வருடங்களுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கெடுப்பில், பதவியில் இருப்பவர்கள் சராசரியாக அந்த நாற்காலியில் கழித்திருந்த காலம் 2006-ல் 8.5 வருடம், 2016-ல் 6.5, 2022-ல் 5.9. அதே கடைசிக் கணக்கெடுப்பில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அடுத்த ஐந்து வருடத்துக்குள் பதவியை விட்டு இறங்கப்போவதாகச் சொன்னார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இவ்வளவு காலம் உட்கார்ந்திருந்தார், ஆகவே திருப்தியாக இருந்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நாற்காலியை விட மனமில்லாமல் முணுமுணுத்துக்கொண்டே பத்து வருடம் இருந்தவர்களும் உண்டு, முழு மனநிறைவோடு மூன்றாவது வருடத்தில் எழுந்து போனவர்களும் உண்டு. பதவியில் நீடிப்பது வேறு, அதில் நிறைவது வேறு. நீடிப்பதற்குப் பென்ஷன் கணக்கு, மகள் கல்யாணம், வேறு போக்கிடம் இல்லாதது என்று ஆயிரம் காரணம் இருக்கும்.

சக ஊழியர் உறவு என்று ஒரு காரணி சொன்னேன் அல்லவா, அதைப் பற்றி ஒன்று. பதினொரு மணி டீக்கு எங்கள் துறையில் ஐந்து பேர் ஒன்றாக உட்காருவோம், ஃப்ளாஸ்க், ஐந்து எவர்சில்வர் டம்ளர், கிரிக்கெட், ஊர் வம்பு. பொறுப்பு ஏற்ற இரண்டாவது வாரம் பழக்கதோஷத்தில் போய் உட்கார்ந்தேன். பேச்சு நின்றது. ஒருவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இருபத்தைந்து வருடம் என்னை 'டேய்' என்று கூப்பிட்டவர் அன்று "சார், டீ எடுத்துக்கோங்க" என்றார். அதற்கப்புறம் டீ என் அறைக்கே வந்தது, சாஸரோடு.

சரி, அழுதுகொண்டே இருந்தால் எப்படி, பூஜ்யத்துக்கு மேலே போன நாட்களும் இருந்தன. நாக் குழு வந்துபோனது அதில் ஒன்று என்று நினைப்பீர்கள். 1994-ல் பெங்களூரில் தொடங்கிய அந்தத் தர மதிப்பீட்டு அமைப்பு அப்போது ஏழு அளவுகோல்களை வைத்துக் கல்லூரிகளை எடைபோட்டது, அதில் ஆறாவது நிர்வாகமும் தலைமையும் பற்றியது, அதாவது நேராக என் தலைக்கு மேல். ஒரு வருடக் கோப்பு வேலை, கடைசி மூன்று நாள் வீட்டுக்கே போகவில்லை. நல்ல கிரேடு வந்தது, வாசலில் பேனர் கட்டினார்கள். உண்மையைச் சொன்னால் அன்று எனக்கு வந்தது நிம்மதி. தப்பித்தோம் என்ற நிம்மதி. அதையும் திருப்தியையும் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம், ஆய்வுப் படிவம் நிரப்பும்போதுகூட.

திருப்தி வந்தது வேறொரு நாள். இரண்டாம் ஆண்டு வணிகவியல் மாணவி ஒருத்தி, வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டிய இடத்தில் மிகவும் குறைந்து, தேர்வு எழுத முடியாத நிலை. துறைத் தலைவர் பரிந்துரைக்க மறுத்துவிட்டார், அவர் மறுத்ததும் விதிப்படி சரிதான். விசாரித்ததில் அப்பாவுக்கு டயாலிசிஸ், வாரம் இரண்டு நாள் இவள்தான் கூட்டிக்கொண்டு போகிறாள், அதைக் கல்லூரியில் சொல்ல வெட்கப்பட்டிருக்கிறாள். மருத்துவமனைச் சீட்டுகளை ஒரு நெகிழிப் பையில் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தாள். அதை எல்லாம் சேர்த்து, தனிக் குறிப்பு எழுதி, பல்கலைக்கழகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்து, சலுகை வாங்கி, அவள் தேர்வு எழுதினாள். மொத்தம் ஒன்றரை நாள் வேலை. முதல்வர் என்ற முத்திரையும் பச்சை மையும் இருந்ததால் மட்டுமே முடிந்த வேலை, ஒரு சாதாரண இயற்பியல் வாத்தியாரால் முடிந்திருக்காது. நாற்காலிக்கென்றே உள்ள ஊக்கி அதுதான் என்று நினைக்கிறேன். வகுப்பறையின் சந்தோஷத்தை நாற்காலி திருப்பித் தராது, தன்னிடம் இருக்கும் வேறொரு சந்தோஷத்தை எப்போதாவது தரும். பழையதையே தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது, நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன்.

இவ்வளவு நேரம் ஹெர்ஸ்பெர்க்கைத் தூக்கி வைத்துப் பேசியதால் அவர்மீதுள்ள புகாரையும் சொல்லிவிட வேண்டும். கதை கேட்டால் மனிதர்கள் நல்லதற்குத் தங்களையும் கெட்டதற்கு மற்றவர்களையும் காரணம் சொல்லுவார்கள். 'ரிசல்ட் ஏறியது என் முயற்சி, இறங்கியது அரசின் கொள்கை.' அப்படிப் பார்த்தால் அந்த இரண்டு பட்டியலும் வேலையைப் பற்றிச் சொல்வதைவிட நம் வாயைப் பற்றித்தான் அதிகம் சொல்லுகின்றன என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மேலே நான் சொன்ன கதைகளையே எடுத்துக்கொள்ளுங்கள், பில் திரும்பி வந்தது என் கையெழுத்தோடு போன பில்தான், இணைப்பைச் சரிபார்க்காமல் விட்டது நான். அதை எவ்வளவு அழகாக 'விட்டதால்' என்று ஆளில்லாமல் எழுதியிருக்கிறேன் பாருங்கள்! சம்பளமும் எல்லோருக்கும் வெறும் சுகாதாரம் இல்லை. வருடக்கணக்காகச் சொற்பச் சம்பளத்தில் கௌரவ விரிவுரையாளராக இருந்துவிட்டு நிரந்தரமானவரிடம் கேட்டால், முதல் முழுச் சம்பளம் வந்த நாளைத்தான் வாழ்வின் சாதனையாகச் சொல்லுவார்.

கடைசியாக, இதை எப்படி அளக்கிறார்கள்? ஒரே கேள்வியில் முடிப்பது ஒரு வழி: மொத்தத்தில் உங்கள் வேலை திருப்தியாக இருக்கிறதா? இன்னொரு வழி, வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்பது. பால் ஸ்பெக்டர் 1985-ல் வெளியிட்ட படிவம் ரொம்பப் பிரபலம், ஒன்பது பகுதி, பகுதிக்கு நாலாக 36 வரிகள். சம்பளம், பதவி உயர்வு, மேலதிகாரி, சலுகைகள், பாராட்டு, நடைமுறைகள், சக ஊழியர், வேலையின் தன்மை, தகவல் பரிமாற்றம். காகித வேலை அதிகமா என்றுகூட அதில் ஒரு வரி உண்டு, அதைப் படித்தபோது இவர் நம்ம ஆள் என்று தோன்றியது. துண்டு துண்டாகக் கேட்பதால் என்ன லாபம் என்றால், இரண்டு முதல்வர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னால் ஒருவர் எல்லாவற்றுக்கும் 3 போடுகிறார். இன்னொருவர் மாணவர்களுக்கு 5, நிர்வாகத்துக்கு 1. சராசரி இரண்டு பேருக்கும் 3. முதலாமவர் சத்தமில்லாமல் ஓய்வு வரை ஓட்டிவிடுவார். இரண்டாமவர் என்றைக்காவது ஒருநாள் ராஜினாமா கடிதத்தை வைத்துவிட்டுப் போவார், அன்று மாணவர்கள் வாசலில் உட்கார்ந்து மறியல் செய்வார்கள். சராசரியை மட்டும் பார்க்கிற நிர்வாகத்துக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் தெரிவார்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 2,800-க்கும் அதிகமான கல்லூரிகள் இருக்கின்றன, அத்தனை நாற்காலிகளையும் ஒரே எண்ணாகச் சுருக்கினால் என்ன மிஞ்சும்?

யார் கேட்கிறார்கள், யார் வழியாக படிவம் வருகிறது என்பதும் விடையை மாற்றும். செயலர் அலுவலகம் வழியாக வந்த படிவத்தில் 'மேலதிகாரி' என்ற பகுதிக்கு யாரும் 2 போட்டு நான் பார்த்ததில்லை.

எனக்கும் ஒரு படிவம் வந்தது. எம்.ஃபில். மாணவர் ஒருவர், கல்லூரி முதல்வர்களின் பணித் திருப்தி பற்றித்தான் ஆய்வு, வெயிலில் பஸ் பிடித்து வந்து என் அறை வாசலில் முக்கால் மணி நேரம் நின்றார். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, டீ சொல்லி, வரிவரியாகப் படித்து நிரப்பினேன். கடைசிக் கேள்வி, ஒட்டுமொத்தமாக எவ்வளவு திருப்தி, ஐந்துக்கு எவ்வளவு. கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, 4 என்று போட்டுக் கொடுத்தேன். அவர் நன்றி சொல்லிப் போன பிறகுதான் உறைத்தது, இரண்டாவது முறை திரும்பி வந்த சம்பள பில் பாஸாகிவிட்டது என்று கிளார்க்கிடமிருந்து ஃபோன் வந்து பத்து நிமிடம்தான் ஆகியிருந்தது.